சிவப்பு நூல் கட்டிய பாட்டில்

ஃபகருன்னிசாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. அதை அவர் ஒருநாளும் மறைத்ததில்லை. "எனக்கு ஏ, பி, சி, டி-யில எச்சு வரைக்கும்தான் வரும். அதுக்கப்புறம் இருக்கறதெல்லாம் உங்க பாடு" என்று பிள்ளைகளிடம் சிரித்துக்கொண்டே சொல்வார். அப்படிப்பட்டவர் முந்நூறு இங்கிலீஷ் பாட்டில்கள் நிற்கிற வேதியியல் ஆய்வகத்தில் இருபத்துநாலு வருஷம் லேப் அட்டெண்டராக இருந்தார் என்று சொன்னால், கேட்பவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். சுளிப்பவர்கள் ஒருமுறை அந்த ஆய்வகத்துக்குள் வந்து பார்த்திருந்தால் வாயை மூடிக்கொண்டு போயிருப்பார்கள்.

ஓசூரில், மூக்கண்டப்பள்ளியிலிருந்து நாலைந்து பஸ் நிறுத்தம் தள்ளி, கம்பெனிச் சுவர்களுக்கு நடுவில் அகப்பட்டுக்கொண்டது போல இருக்கிற அரசு மேல்நிலைப் பள்ளி அது. அவருடைய கணவர் காஜா மொய்தீன் அங்கே வாட்ச்மேனாக இருந்தார். பைபாஸைக் கடக்கும்போது லாரி அடித்துப் போய்ச் சேர்ந்தார். வாரிசு என்று ஃபகருன்னிசாவுக்கு வேலை கிடைத்தது. 'கருணை அடிப்படையில்' என்று உத்தரவில் அச்சடித்திருந்தார்கள். அந்த உத்தரவுக்காகப் பதினாலு மாதம் அலைந்ததில், கருணையை அவர் எந்த மேஜைக்குப் பின்னாலும் பார்க்கவில்லை. எட்டாவது படித்தவருக்கு ஆய்வகத்தில்தான் இடம் காலியாக இருந்தது. போய் நின்றார்.

முதல் வாரத்திலேயே ஒன்றைப் புரிந்துகொண்டார். பாட்டில்களில் ஒட்டியிருக்கிற காகித லேபிள், அமில ஆவி பட்டுப்பட்டு ஆறே மாதத்தில் மஞ்சளாகி, எழுத்து மங்கி, ஓரம் சுருண்டு விழுந்துவிடுகிறது. இங்கிலீஷ் தெரிந்தவர்களுக்கும் அங்கே படிக்க ஒன்றும் மிஞ்சவில்லை. மறுவாரம் வீட்டுத் தையல் மிஷினிலிருந்து மூன்று நூல்கண்டு கொண்டு வந்தார். அடர் அமிலத்துக்குச் சிவப்பு. காரத்துக்கு நீலம். விஷத்துக்குக் கறுப்பு. ஒவ்வொரு பாட்டில் கழுத்திலும் நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். தண்ணீர் கலந்து வைத்த, கையில் பட்டால் கழுவிக்கொண்டால் போதும் என்கிற சரக்குக்கு நூலே கிடையாது.

பிளஸ் ஒன் சேர்ந்த முதல் நாள் எல்லாப் பிள்ளைகளையும் வரிசையாக நிற்க வைத்து அவர் சொல்கிற பாடம் ஒன்றுதான். "நூல் இருந்தா சாரைக் கேக்காம தொடக்கூடாது. நூல் இல்லன்னா நீயே எடுத்துக்கலாம். இத மட்டும் மறக்காதீங்க, மீதியெல்லாம் சார் சொல்லிக் குடுப்பாரு." பிள்ளைகளுக்கு அவர் பக்ரம்மா; பக்ரம்மா நூல் என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. ஆசிரியர்களும் காலப்போக்கில் நூலைப் பார்த்தே பாட்டிலை எடுக்கப் பழகிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளி விட்டதும் பழைய நூலை அறுத்துப் புதுநூல் கட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

பிப்ரவரி கடைசியோடு அவருக்கு ஓய்வு. அதற்கு மூன்று மாதம் முன்னால், பிளஸ் ஒன் படிக்கிற சுஹைனாவும் சௌமியாவும் ஒரு நோட்டும் ஒரு டார்ச்சும் எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குள் நுழைந்தார்கள். மாவட்ட அறிவியல் கண்காட்சிக்கு ஒரு திட்டம். தலைப்பு, 'பள்ளி ஆய்வகங்களில் வேதிப்பொருள் இருப்பு மேலாண்மை'. மற்ற பிள்ளைகளெல்லாம் எரிமலையும் காற்றாலையும் செய்துகொண்டிருக்கையில் இந்த இரண்டு பேருக்கு மட்டும் பாட்டில் எண்ணுகிற ஆசை எப்படி வந்தது என்று வேதியியல் ஆசிரியர் குருமூர்த்திக்கே ஆச்சரியம். சௌமியாவின் அப்பா சிப்காட்டில் ஒரு கம்பெனி ஸ்டோரில் வேலை செய்கிறார். ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு நம்பர், வந்த தேதி, தீருகிற தேதி, எடுத்தவர் கையெழுத்து என்று அங்கே இருப்பதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் அவள்.

எண்ணி முடிக்கப் பத்து நாளாயிற்று. பதிவேட்டில் இருப்பது அலமாரியில் இல்லை, அலமாரியில் இருப்பது பதிவேட்டில் இல்லை. நாற்பத்தோரு பாட்டிலுக்குப் பெயரே தெரியவில்லை. கெட்டுப்போன சரக்கை வெளியே போடவேண்டுமென்றால் கடிதம் எழுதி, குழு போட்டு, மூன்று பேர் கையெழுத்து வாங்கவேண்டும். அதனால் வருஷா வருஷம் எல்லோரும் செய்த வேலை, பழையதைப் பின்னால் தள்ளிப் புதியதை முன்னால் வைத்ததுதான். இது அந்தப் பள்ளிக்கு மட்டும் உள்ள பெருமை என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் அந்தக் குழப்பத்துக்கு நடுவில் ஒன்று மட்டும் பிசகாமல் இருந்தது. சிவப்பு நூல் கட்டிய பாட்டில் ஒவ்வொன்றையும் குருமூர்த்தி சார் சோதித்துப் பார்த்தார். எல்லாமே அடர் அமிலம். நீலம் எல்லாமே காரம். கறுப்பு எல்லாமே விஷம். ஒன்றுகூடத் தப்பவில்லை. பிள்ளைகள் அசந்து போனார்கள். திட்டத்தில் 'எளிய மனிதரின் பாதுகாப்பு முறை' என்று தனிப் பக்கமே ஒதுக்கினார்கள். பக்ரம்மாவை ஸ்டூலில் உட்கார வைத்து, கையில் நூல்கண்டைக் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். கண்காட்சி மேடையில் அவருக்குச் சால்வை போடச் சொல்லிக் கேட்கப்போவதாகவும் பேச்சு அடிபட்டது.

பேட்டி எடுக்கையில் சுஹைனா நோட்டைப் பார்த்து ஏழாவது கேள்வியைக் கேட்டாள். "பக்ரம்மா, இத்தனை வருஷத்துல லேப்ல விபத்து எதுனா நடந்திருக்குதா?"

ஃபகருன்னிசா நூல்கண்டை மடியில் வைத்தார். "ஒண்ணு நடந்துச்சு. பதிவேட்டுல இருக்குது, பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு, குழாய் திறந்திருப்பது போல எழுந்து போனார். குழாய் மூடித்தான் இருந்தது.

விபத்துப் பதிவேட்டில் ஒரே ஒரு பக்கம்தான் எழுதப்பட்டிருந்தது. பத்து வருஷத்துக்கு முந்தைய தேதி. பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் முனிவேல், சொந்த ஊர் நாட்றாம்பாளையம், விடுதியில் தங்கிப் படிப்பவன். சிவப்பு நூல் கட்டப்பட்டிருந்தும் கவனியாமல் அடர் கந்தக அமிலத்தை எடுத்துப் பயன்படுத்தியதால் இடது கண்ணில் காயம். காரணம், மாணவனின் கவனக்குறைவு. ஆசிரியர் குருமூர்த்தி என்று ஒரு கையெழுத்து. அதற்குக் கீழே சாட்சியாக, தமிழில், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நிற்கும்படி, ஃபகருன்னிசா.

பிள்ளைகள் அதைப் படித்துவிட்டுத் தங்கள் பக்கத்தில் எழுதிக்கொண்டார்கள்: 'இருபத்துநான்கு ஆண்டுகளில் ஒரே விபத்து. அதுவும் முறையின் குறையால் அல்ல, மாணவரின் கவனக்குறைவால்.' சௌமியா அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். ஃபகருன்னிசா கேட்டுக்கொண்டிருந்தார். மறுக்கவில்லை.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் அறிவியல் படிக்கிற பிள்ளைகள் எதையும் சும்மா விடமாட்டார்கள். பழைய முறையையும் புது முறையையும் ஒப்பிட்டுக் காட்டினால்தான் பரிசு என்று யாரோ சொன்னதைக் கேட்டு, சிவப்பு நூலைச் சோதனை போட்டார்கள். அமில பாட்டில் ஒன்றின் கழுத்தில் நூலைக் கட்டி, தினமும் ஊற்றுவது போல ஊற்றி, வாயோரம் ஒரு சொட்டு வழியவிட்டு வைத்தார்கள். ஐந்தாம் நாள் காலை ஒரு கண்ணாடித் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"பக்ரம்மா, இதப் பாருங்களேன்" என்றாள் சுஹைனா.

தட்டில் கறுப்பாக நாலைந்து துணுக்கு. தொட்டால் பொடியாகிற கரி. பருத்தி நூலில் அடர் கந்தக அமிலம் பட்டால் அதைக் கரியாக்கிவிடும் என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஃபகருன்னிசாவுக்குப் புத்தகம் தேவைப்படவில்லை.

"அஞ்சு நாள்லயே அறுந்து விழுந்துடுச்சு. நீங்க வெள்ளிக்கெழம தவறாமயும், நடுவுல அறுந்தா அப்பப்பயும் மாத்துனதாலதான் இத்தன வருஷம் ஒண்ணும் ஆகல, இல்லீங்களா? அதையும் எழுதிடறோம். ஒருவாரம்கூட தவறாம மாத்துனாங்கன்னு" என்றாள் சௌமியா.

ஃபகருன்னிசா அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். இதே கரித்துணுக்கு பத்து வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் அவர் உள்ளங்கையில் இருந்தது.

அன்றைக்கு வியாழக்கிழமை. காலையில் அலமாரியைத் துடைக்கும்போது கந்தக அமில பாட்டிலின் நூல் கையோடு வந்துவிட்டது. அந்த வாரம் செய்முறைப் பயிற்சி அதிகம், பாட்டில் நாலைந்து தடவை கைமாறி, வழிந்து, நூல் வெந்து போயிருந்தது. புதுநூல் கட்டவேண்டும் என்றுதான் நினைத்தார். துணுக்கை முந்தானை ஓரத்தில் முடிந்துகொண்டார், மறக்காமல் இருப்பதற்கு. அதற்குள் ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். அரைப் பரீட்சைக் கேள்வித்தாள் கட்டு வந்திருக்கிறது, இறக்கி வைக்க ஆள் இல்லை. இதோ வந்துவிடலாம் என்று போனார்.

அவர் கேள்வித்தாளைச் சுமந்துகொண்டிருந்த நேரத்தில் முனிவேல் அலமாரி முன்னால் வந்து நின்றான். அவனுக்கு வேண்டியது தண்ணீர் கலந்த அமிலம். ஒரே மாதிரி இரண்டு பாட்டில், ஒன்றில் அது, இன்னொன்றில் அடர் அமிலம். லேபிள் இரண்டிலும் இல்லை. நூலும் இரண்டிலும் இல்லை. நூல் இல்லாததை நீயே எடுத்துக்கலாம் என்று அவர்தான் சொல்லியிருந்தார். எடுத்துக்கொண்டு போய், சூடாக இருந்த உப்புக் கரைசலில் ஊற்றினான். அடர் அமிலம் தண்ணீரைத் தொட்ட மாத்திரத்தில் கொதித்து முகத்தில் அடித்தது.

கத்தல் கேட்டு ஃபகருன்னிசா ஓடிவந்தார். குருமூர்த்தி சாரும் பிள்ளைகளும் அவனைக் குழாயடியில் பிடித்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் ஆட்டோவில் ஏற்றினார்கள். ஆய்வகம் காலியானது. மேஜைமேல் அந்த பாட்டில் மட்டும் திறந்தபடி இருந்தது.

அந்த நிமிஷத்தில் அவர் செய்த காரியத்தை நினைக்காத நாள் பத்து வருஷத்தில் ஒன்றுகூட இல்லை. பாட்டிலை மூடினார். இழுப்பறையைத் திறந்து சிவப்பு நூலை எடுத்தார். நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். கை தானாகச் செய்தது என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். கை தானாகச் செய்யாது என்பது அவருக்குத் தெரியும்.

சாயங்காலம் குருமூர்த்தி சார் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நூல் இருந்துச்சாம்மா?"

"இருந்தது சார்."

அவ்வளவுதான். அந்த இரண்டு வார்த்தையில் ஒரு பையனின் கண்ணுக்கான காரணம் எழுதி முடிக்கப்பட்டது. வீட்டில் அவருக்கு அப்போது பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள். வேலை போனால் சோறு போய்விடும் என்கிற பயம். அந்தப் பயம் பொய் இல்லை. ஆனால் பயத்துக்காகப் பொய் சொன்னவர்கள் யாரும் பயம் தீர்ந்த பிறகு உண்மையைச் சொல்ல ஓடிவருவதில்லை. பிள்ளைகள் வளர்ந்தார்கள், வேலைக்குப் போனார்கள், கல்யாணமானார்கள். அவர் வாய் திறக்கவில்லை.

முனிவேல் பரீட்சை எழுதவில்லை. ஊருக்குப் போனவன் இரண்டு வருஷம் கழித்து ஓசூருக்கே திரும்பி வந்தான். கம்பெனிகளில் கேட்டுப் பார்த்தான். மெடிக்கல் டெஸ்டில் கண்ணைப் பார்த்ததும் அனுப்பிவிட்டார்கள். இப்போது மூக்கண்டப்பள்ளி நிறுத்தத்தில் தள்ளுவண்டி போட்டு, ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களுக்குக் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் விற்கிறான். அந்த நிறுத்தத்துக்கு எதிரில்தான் ஃபகருன்னிசாவின் வீட்டுச் சந்து. அவர் எட்டு வருஷமாக ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, பின்பக்கச் சாக்கடைத் தெரு வழியாக நடந்து வீட்டுக்குப் போகிறார். கால்வலிக்கு நடை நல்லது என்று மருமகளிடம் காரணம் சொல்லி வைத்திருந்தார்.

கண்ணாடித் தட்டைப் பார்த்த மறுநாள் காலை குருமூர்த்தி சார் ஆய்வகத்துக்குள் வந்ததும், பிள்ளைகள் இரண்டு பேரும் பக்கத்தில் இருக்கும்போதே சொன்னார். நின்றபடி, கையைக் கட்டிக்கொண்டு, தேதியோடு, முந்தானையில் முடிந்தது வரைக்கும் சொன்னார். நூலைப் பிற்பாடு கட்டியதைச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது.

குருமூர்த்தி சார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் போயி பாட்டில பாத்தேம்மா. நூல் இருந்துச்சு. அதனாலதான் அப்பிடி எழுதுனேன்."

"நான் கட்டுனது சார் அது."

"ரெண்டு மாசம்கூட இல்ல உங்களுக்கு. இது எழுத்துல போச்சுன்னா விசாரணை வரும். விசாரணை முடியற வரைக்கும் ரிடையர் ஆக விடமாட்டாங்க. வர வேண்டியதெல்லாம் நிக்கும். யோசிச்சிக்கோங்க." அவர் மிரட்டவில்லை. உள்ளதைச் சொன்னார்.

"பத்து வருஷம் யோசிச்சிட்டேன் சார்."

சுஹைனாவின் கண் கலங்கியிருந்தது. "அப்ப உங்களப் பத்தி நாங்க எழுதுனது, பக்ரம்மா?"

"எழுதுனது இருக்கட்டும்மா. அது பொய் இல்ல. இதையும் சேத்து எழுதுங்க. அந்த விபத்துன்னு ஒரு பக்கம் போட்டீங்களே, அத என்கிட்ட குடுங்க. நானே எழுதறேன்."

எழுதினார். இருபத்துநாலு வருஷத்தில் கையெழுத்தைத் தவிர அவர் அந்தப் பள்ளியில் வேறெதையும் எழுதியதில்லை. முக்கால் பக்கம் எழுத மத்தியானம் வரைக்கும் ஆயிற்று. கடைசி வரி: 'மாணவர் முனிவேல் மேல் எந்தத் தப்பும் இல்லை. தப்பு என்னுடையது. அதை மறைத்ததும் நான்தான்.' குருமூர்த்தி சார் அதைப் படித்துவிட்டு, கீழே தன்னுடைய பழைய அறிக்கை தவறானது என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். ஒரு பிரதி தலைமையாசிரியருக்குப் போனது. அவர் படித்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மேலே அனுப்புவதைத் தவிர வேறு வழி இல்லை என்றார். இன்னொரு பிரதியைப் பிள்ளைகள் திட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். மூன்றாவதை ஃபகருன்னிசா நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

அன்றைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். வழக்கமாக இறங்குகிற இடம் வந்தது. கால் தானாக எழுந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கினார்.

முதல் ஷிஃப்ட் முடிகிற நேரம். வண்டியைச் சுற்றி ஏழெட்டுப் பேர் தட்டோடு நின்றிருந்தார்கள். முனிவேல் களி உருண்டையைத் தண்ணீர் தொட்டுத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தான். இடது கண் மூடி வெளுத்திருந்தது. அவரைப் பார்க்கத் தலையை முழுசாகத் திருப்பவேண்டியிருந்தது.

"பக்ரம்மாவா? வாங்கம்மா. உங்க வூடு இங்கதான்னு சொல்வாங்க, ஒருநாளும் கண்ல படலையே. களி சாப்புடறீங்களா?"

அவர் காகிதத்தை நீட்டினார். முனிவேல் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினான். வலது கண்ணுக்கு நேராகப் பிடித்து மெதுவாகப் படித்தான். படித்து முடித்து மறுபடி மேலிருந்து படித்தான். ஒருத்தர் கீரை கேட்டார். அவன் காதில் விழவில்லை.

"நூல் இல்லன்னுதாங்க எடுத்தன்" என்றான்.

"ஆமாப்பா."

"ஆஸ்பத்திரிலயே சொன்னன். நூல் இல்ல சார், நூல் இல்ல சார்னு. அவுரு போயி பாத்துட்டு வந்து, இருக்குதேடான்னாரு. அப்பறம் எல்லாரும் அதையேதான் சொன்னாங்க. போகப்போக எனக்கே சந்தேகம் வந்துடுச்சிங்க. நூல் இருந்திருக்குமோ, நாமதான் பாக்கலையோன்னு. பத்து வருசமா அந்த பாட்டில நெனச்சி நெனச்சிப் பாக்கறன். ஒரு நாள் நூல் இருக்குது, ஒரு நாள் இல்ல." அவன் குரலை உயர்த்தவில்லை. "போன கண்ணு போச்சு. இருக்கற கண்ணையும் நான் நம்பலம்மா."

ஃபகருன்னிசா அழுதார். மன்னிப்பு என்கிற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. அதைக் கேட்பதற்குக்கூடத் தனக்கு உரிமை இல்லை என்று பட்டது. "என்ன செய்யணும்னு சொல்லுப்பா, செய்யறேன்" என்றார்.

முனிவேல் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "எங்கப்பா போயி மூணு வருசமாச்சு. சாவற வரைக்கும் ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்தாரு. படிக்க அனுப்பிச்ச எடத்துல வெளையாடிக்கினு கண்ணத் தொலச்சிட்டு வந்தான்னு. அவருக்கு இனிமே சொல்ல முடியாது." செல்போனை எடுத்தான். "எங்கம்மா இருக்காங்க. அவங்ககிட்ட நீங்க சொல்லுங்க. நான் சொன்னா நானா சொல்றன்னு நெனப்பாங்க."

நம்பரைப் போட்டு நீட்டினான். நாட்றாம்பாளையத்தில் மலைக்கு நடுவில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். மணி அடித்தது, அறுந்தது, மறுபடி அடித்தது. அவன் அம்மா லட்சுமியம்மாள் எடுத்தார்.

"அம்மா, நான் முனிவேல் படிச்ச ஸ்கூல்ல வேலை செய்யறவ. ஃபகருன்னிசான்னு பேரு. அன்னைக்கு உங்க பையன் மேல தப்பு இல்லம்மா" என்றார், மெதுவாக, வாயோடு போனைச் சேர்த்துப் பிடித்து.

"கேளிஸ்தில்லம்மா. கேக்கல. ஜோரா சொல்லு."

ஃபகருன்னிசா சுற்றிப் பார்த்தார். தட்டோடு நிற்கிறவர்களில் இரண்டு பேர் அவர் தெருக்காரர்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னும் சத்தமாகச் சொன்னார். "பாட்டில்ல நூல் இல்லம்மா. நான் கட்ட மறந்துட்டேன். உங்க பையன் மேல தப்பு இல்ல."

"விட்டு விட்டு வருது. எம்பையன்னு சொன்னியே, அவனுக்கு இன்னா?"

மூன்றாவது தடவை கத்தினார். பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். களி தின்றுகொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். எட்டு வருஷம் சாக்கடைத் தெருவில் சுமந்துபோன பேச்சு, மூக்கண்டப்பள்ளி மெயின் ரோட்டில் பட்டப்பகலில் எல்லோர் காதிலும் விழுந்தது. முனிவேல் வண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நின்றான்.

இந்தத் தடவை கேட்டுவிட்டது. அந்தப் பக்கத்தில் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று ஃபகருன்னிசா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். போகவில்லை.

"இரும்மா, வெச்சிடாத" என்றார் லட்சுமியம்மாள். குரல் மாறியிருந்தது. "நூறு நாள் வேலையில இருக்கறன். ஊர் சனமெல்லாம் இங்கதான் குந்திக்கினு இருக்குது. அவங்கப்பன் சொன்னத கேட்டுக்கினு சிரிச்சவங்க எல்லாரும் இருக்காங்க. ஸ்பீக்கர்ல போடறன். மொதல்லருந்து சொல்லு."

ஏதோ பித்தானை அமுக்குகிற சத்தம் கேட்டது. பின்னால் பல பேர் பேசுகிற இரைச்சல், ஒரு மண்வெட்டி கல்லில் இடிபடுகிற ஓசை, "எல்லாம் வாய மூடுங்க" என்று லட்சுமியம்மாள் அதட்டுவது, அப்புறம் அமைதி. ஃபகருன்னிசா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முனிவேலைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே, மலைவரைக்கும் கேட்கும்படி சொன்னார்.

"என் பேரு ஃபகருன்னிசா. பாட்டில்ல இருந்த நூல் அறுந்து போச்சு. நான் கட்டல. அடிபட்டதுக்கு அப்புறம்தான் கட்டுனேன். கட்டிட்டு, இருந்ததுன்னு பொய் சொன்னேன். உங்க பையன் சரியாத்தாம்மா பாத்தான்."